மூடியின் உள்பக்கம்

வாட்ச்சின் பின்மூடி திறந்ததும் அவள் கை நின்றுவிட்டது.

பேட்டரியை இன்னும் எடுக்கவில்லை. மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் உள்பக்கத்தில், ஊசியால் கீறிய ஒரு தேதி.

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் கீறி வைப்பதுதான். பேட்டரி போட்ட தேதி, பக்கத்தில் கடைக்கு ஒரு குறி. ‘போட்டு ஒரு மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள நின்னுபோச்சு’ என்று வம்புக்கு வருகிறவரிடம் திறந்து காட்ட வேண்டுமே!

சங்ககிரி பஸ் ஸ்டாண்டில் இருக்கும் அவள் கடையின் குறி மூன்று புள்ளி. அடுப்புக்கல் மாதிரி.

இந்த மூடியிலும் மூன்று புள்ளி.

ஆனால் இந்த வாட்ச் அவள் கைக்கு வந்ததே இல்லை.

கண்ணில் மாட்டியிருந்த லென்ஸை இறுக்கிக்கொண்டாள். எண்கள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு.

முருகா!

இப்படிக் கீறுகிறவன் உலகத்தில் ஒருத்தன்தான். அவள் தம்பி மயில்சாமி. இடது கைக்காரன். இதே மேஜையில் அவளிடம் தொழில் கற்றவன்.

தேதி, போன வருஷம் மார்ச் பதினேழு.

மயில்சாமி போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

அன்றைக்கு ஒரு பெரியவருக்கு வாட்ச்சை இடது கையால் நீட்டிவிட்டான். “பீச்சாங்கையில குடுக்கறயே, வெளங்குமா?” என்றார் அவர். அவளுக்குச் சுருக்கென்றது. ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, பஸ் ஸ்டாண்டே பார்க்க, அவன் விரல் முட்டியில் ஒன்று போட்டாள். பதினாறு வயசு. அழவில்லை. சாப்பிட்டு வருகிறேன் என்று போனவன்தான்.

தேடாத ஊரில்லை. வேண்டாத சாமியில்லை. பன்னிரண்டு வருஷம் தகவல் இல்லையென்றால் காரியம் செய்துவிடுவதுதான் முறை என்று ஐயர் சொல்லிவிட்டார். நாளைக்கு ஆடி அமாவாசை. பவானி கூடுதுறையில் அப்பா அவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கப் போகிறார்.

செத்தவன் போன வருஷம் பேட்டரி மாற்றியிருக்கிறான்!

நாட்டில் எத்தனை கோடி வாட்ச், எத்தனை ஆயிரம் கடை. இது மட்டும் எப்படி வழி விசாரித்துக்கொண்டு, சரியாக இன்றைக்கு அவள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது?

வாட்ச்சுக்குச் சொந்தக்காரரான லாரி டிரைவர் நின்றபடி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்ணா, போன தடவ இதுக்கு எங்க பேட்டரி போட்டீங்க?”

“அதெங்கங்க அம்மிணி நெனப்பிருக்குது? வடக்க எங்கியோ. நாக்பூருக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ.” ஒரு வாய் உறிஞ்சினார். “ஆனா ஒண்ணுங்க. அந்தப் பையன் நம்ம பாசை பேசுனான். வாட்ச்சை எடது கையில நீட்டுனவன், படக்குனு சோத்தாங்கைக்கு மாத்திக்கிட்டான். ஏண்டா பயப்படறேன்னேன். சிரிச்சான்.”

அவள் லென்ஸைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

பிறகு போனை எடுத்தாள்.

“அப்பா, நாளைக்குக் கூடுதுறை வேண்டாம். எள்ளு வாங்காதீங்க. நம்ம மயிலு இருக்கறானுங்கப்பா. அவன் கையெழுத்து என் கையில இருக்குது.”

அந்தப் பக்கம் அப்பா அழுவது கேட்டது.

புதுப் பேட்டரி போட்டாள். விநாடி முள் உடனே ஓடத் தொடங்கியது. இருபது வருஷமாகப் பார்ப்பதுதான். இன்று அதையே வாய் பிளந்து பார்த்தாள்.

“ஆச்சுங்களா? லோடு நிக்குதுங்க” என்றார் டிரைவர்.

“ஒரு நிமிசம்ங்ணா. இனி அந்தப் பக்கம் போனா, அவனைத் தேடிப் பிடிச்சு இந்த மூடியத் தெறந்து பாக்கச் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

ஊசியை எடுத்தாள். தம்பியின் தேதிக்குக் கீழே இன்றைய தேதி. மூன்று புள்ளி.

இன்னும் கொஞ்சம் இடமிருந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கீறினாள்.

அடிக்க மாட்டேன், வாடா.