இண்டைக்கு ஜக்பொட் எவ்வளவு?

"தம்பி, உந்தச் சூதாட்டப் பக்கத்தை எனக்கு வித்துப்போடும்."

அருட்பிரகாசம் கதிரையில்கூட இருக்கவில்லை. வந்ததும் வராததுமாகக் கேட்டுவிட்டார்.

யேசுதாசனுக்குச் சிரிப்பு வந்தது. சண்டை நிறுத்தக் காலத்தில் மன்னார் பஸ் நிலையத்தடியில் இன்ரநெற் கடை போட்டவன் அவன். வெளிநாட்டுச் சூதாட்டங்களில் ஜக்பொட் எவ்வளவுக்கு ஏறியிருக்கிறது என்று காட்ட ஒரு இணையத்தளமும் செய்தான். விளம்பரக் காசு கொட்டும் என்று நினைத்தான். ஒரு ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. வெறுத்துப்போய் அப்படியே விட்டுவிட்டான். போன கிறிஸ்மஸுக்குப் போட்ட நத்தார் பாப்பா இன்னும் அதில் கையசைத்துக்கொண்டிருந்தார்.

"அது செத்த சாமான் அண்ணை. உங்களுக்கு என்னத்துக்கு?"

"செத்ததோ? வங்காலைப் பொம்பிளையள் காலமை பஸ்ஸால இறங்கினால் உம்மட கடையிலதானே நிக்கினம்!"

அது உண்மைதான். நண்டுக் கூடையோடு வந்து, "தம்பி, இண்டைக்கு ஜக்பொட் எவ்வளவு?" என்று கேட்பார்கள். அவன் கணினியை அவர்கள் பக்கம் திருப்புவான். மேலே இருந்த ஒரு பெட்டியில் மட்டும் இலக்கம் மாறும். பார்த்துவிட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு போவார்கள்.

"முந்தநாள் உதைப் பாத்திட்டுத் திரேசம்மா துள்ளிக் குதிச்சவவாம். பேரப்பிள்ளை கண்ட மனுசி! ஊர் எங்க போகுது?"

அருட்பிரகாசம் வங்காலைக் கோயில் சபைத் தலைவர். மற்ற நாட்களில் நண்டு முதலாளி. அந்தப் பெண்களின் கூடையெல்லாம் கடைசியில் இறங்குவது, பஸ் நிலையத்துக்கு எதிரே நண்டு வாங்க அவர் போட்டிருக்கும் கொட்டிலில், அந்த வாடியில்தான். ஆக, ஊரின் ஆத்துமம், நண்டு இரண்டுக்கும் அவரே பொறுப்பு.

"நான் வாங்கி, பூட்டி, திறப்பைக் கடலில எறிவன்."

"இணையத்தளத்துக்குத் திறப்பு இல்லை அண்ணை."

"இருக்கிறதை எறிவன்!"

அந்த நேரம் பார்த்து லூர்தம்மா கூடையோடு உள்ளே வந்தாள். பேச்சு காதில் விழுந்ததும் கூடையை நிலத்தில் வைத்துவிட்டாள்.

"தம்பி, வித்துப்போடாதை ராசா. உன்னைக் கும்பிட்டன். அது போனால் எங்கட பிள்ளையளின்ர சாப்பாடு போயிடும்."

"பாத்தீரோ! பிள்ளையளின்ர சோத்தை வைச்சு ஆடுகினம்!" அருட்பிரகாசத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

லூர்தம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். வாய் திறக்கவில்லை. நண்டை அவரிடம்தானே கொடுக்க வேண்டும்.

அவர் ஒரு தொகை சொன்னார். யேசுதாசன் எழும்பியே நின்றுவிட்டான். அந்தக் காசுக்குக் கடையையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

"சரி அண்ணை. எடுங்கோ."

"யூதாஸ்!" என்று சொல்லிவிட்டு லூர்தம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஞாயிறு பூசை முடிவில் சுவாமியார் அருட்பிரகாசத்துக்கு நன்றி சொன்னார். ஊரைப் பிடித்த சூது தொலைந்ததென்று சனம் கைதட்டியது. கூடைக்காரப் பெண்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் பஸ்ஸால் இறங்கியவர்கள் கடைப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே வாடிக்கு நடந்தார்கள்.

"லூர்தக்கா! கோவத்தை விட்டிட்டு இஞ்ச ஒருக்காப் பாருங்கோ!" என்று யேசுதாசன் கூப்பிட்டான்.

கடை வாசலில் ஆளுயரத்தில் புதுப் பலகை நின்றது. சுற்றிவரக் கலர் பல்ப் மின்னியது. எதிரே வாடிக்குள் இருந்த அருட்பிரகாசத்துக்கும் நன்றாகத் தெரியும். கண்டிருப்பார் போல, வாடி வாசலில் வந்து வாயைத் திறந்தபடி நின்றார்.

"ஆரின்ர காசில இவ்வளவு பெரிய பலகை?" என்று லூர்தம்மா கேட்டாள்.

"எல்லாம் அருட்பிரகாசம் அண்ணை தந்ததுதான். இனி நெற்றுக்குள்ள எட்டிப் பாக்கத் தேவையில்லை. அந்தப் பெட்டிக்கு விலை சொல்லுற என்ர மச்சான் கொழும்புச் சந்தையில இருந்து வழமைபோலச் சொல்லிப்போட்டான். இண்டைக்கு ஜக்பொட், நண்டு கிலோ முந்நூற்றி அறுபது ரூபா. அண்ணை பழையபடி நூறு தாறன் எண்டால் கூடையை இறக்காதேங்கோ!"