படையல் குழம்பு

செவ்வாய்க்கிழமைதோறும் நாச்சிமுத்து தன் வீட்டுச் சமையலில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போவார். மகள் மேகலாவின் பெருங்குடலில் இருந்து எடுத்த புற்றுநோய்ச் செல்கள் அங்கே ஆய்வகத்தில் ஒரு கண்ணாடித் தட்டில் வளர்ந்துகொண்டிருந்தன; கொண்டுபோகும் சாப்பாட்டை அவற்றின்மேல் விட்டு, சாகின்றனவா என்று பார்ப்பார்கள். அவரவர் வீட்டுச் சாப்பாட்டிலேயே மருந்தைத் தேடும் காலம் அது. பன்னிரண்டு வாரமாகியும் அவர் வைத்த எந்தக் குழம்புக்கும் அந்தச் செல்கள் மசியவில்லை.

பதின்மூன்றாவது செவ்வாய், அவர் மனைவியின் முதல் திதி. அவளுக்குப் பிடித்த சுண்டைக்காய்க் குழம்பை வைத்தார். படையலுக்கு வைப்பதை ருசி பார்க்கக் கூடாது என்பதால் பார்க்கவில்லை. படைத்ததில்தான் ஒரு கிண்ணம் கொண்டுபோனார்; மீதியைக் காக்கைக்கு வைத்துவிட்டார்.

வியாழனன்று ஆய்வகப் பெண் போனில் கூப்பிட்டாள்.

"ஐயா, தட்டுல ஒண்ணுகூட உயிரோட இல்லீங்க! சுண்டைக்காயை இடிச்சு, கசப்பு போக மோர்ல ஊறப் போட்டீங்களா?"

"அடடா, மறந்துட்டனுங்களே!"

"நல்லவேளை மறந்தீங்க. அந்தக் கசப்புதானுங்க வேலை செஞ்சிருக்குது. புள்ளைக்கு தினமும் இதையே குடுங்க."

அன்று மதியம், அதே மாதிரி மறுபடி வைத்த குழம்பில் முதல் கவளத்தை விழுங்கிய மேகலாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"இதையா அம்மாவுக்குப் படைச்சீங்க? இருந்திருந்தா சட்டியோட உங்களை வாசல்ல நிறுத்தியிருப்பாங்க."

"அப்படியா கசக்குது?" நாச்சிமுத்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். மறுகணமே கொல்லைக்கு ஓடித் துப்பினார். வாய் கொப்பளித்துவிட்டு அவர் திரும்பியபோது, மேகலா தட்டை வழித்துத் தின்று முடித்திருந்தாள்.

"இன்னொரு கரண்டி ஊத்துங்கப்பா," என்றாள்.