விடுபட்ட நான்கு

துறைமுகத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் மூன்று பேர்: இரசாயனவியலாளர் அபூதாஹிர், எழுதுவினைஞர் சுஹைரா, இரவு முழுக்க மூட்டை சுமந்துவிட்டு ஆய்வுகூட உதவியாளர் வேலைக்குப் பரீட்சை எழுதிய முனீப். காலை வெயில் பியூரெட் கண்ணாடிக் குழாயில் பட்டு மேசையில் நடுங்குகிறது. முனீப்பின் தாளில் சுண்ணாம்பு நீர்க் கணக்கின் மேல், பிழையென்று சிவப்புப் புள்ளடி. அந்த ஒரு கணக்கால்தான் அவன் தோற்றிருக்கிறான். "சேர், ஒரு கல்சியம் அயனுக்கு ரெண்டு ஐதரொட்சைட்டு வருது. செறிவை ரெண்டால பெருக்கிப்போட்டுத்தானே வர்க்கம் எடுக்கணும்? நீங்க பெருக்காமலே எடுத்திருக்கீங்க. உங்கட விடையில நாலு இல்ல." அபூதாஹிர் சிரிக்கிறார். "கெம்பஸ் படிப்பை விட்டு ஓடி வந்த ஆள் எனக்குப் படிப்பிக்க வந்தீங்களோ?" ஆனாலும் அவருடைய பேனா சமநிலைக் கோவையின் மேல் ஊர்ந்து, அடுக்குக்குறியில் நின்றுவிடுகிறது. சிரிப்பு வற்றுகிறது. தான் திருத்த வைத்திருந்த மாதிரி விடைத்தாளை இழுத்து, நான்கைச் செருகி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். முனீப்பின் தாளில் புள்ளடி அப்படியே கிடக்கிறது. "அப்ப எனக்குப் புள்ளி, சேர்?" அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார். "பாஸானவங்கட லிஸ்ட் மெனேஜரிட்டப் போயிட்டு, தம்பி. இனி மாத்த ஏலாது." லிஸ்ட் சுஹைராவின் முழங்கைக்கடியில் இருக்கிறது, மை இன்னும் காயவில்லை. முனீப் அதைப் பார்க்கிறான். அவன் பார்ப்பதைக் கண்ட சுஹைரா முழங்கையை நகர்த்தாமல் தலை குனிந்துகொள்கிறாள். வெளியே பாரந்தூக்கி கிறீச்சிடுகிறது. "வேற கதை இல்லையே?" என்கிறார் அபூதாஹிர். முனீப் தாளை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியேறுகிறான். அவனுக்குப் பின்னால் கதவு சாத்தப்படுகிறது. உள்ளேயிருந்து யாரோ பூட்டுகிறார்கள்.