பெரியண்ணன் என்று எழுதிய சிடி

கரண்ட் போய் முக்கால் மணி நேரமாகிறது. நாயுடுபுரத்து மலைப்பனியில் ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவு வெளுத்துக் கிடக்கிறது. மேசையில் இருண்ட கம்ப்யூட்டர். அதன் பக்கத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு மெமரி கார்டு. சீசன் கூட்டத்தில், ஏரிக்கரையில் புதுஜோடிகள் படமெடுக்க வரிசை கட்டி நின்றபோது, இடம் போதாமல் ஸ்டுடியோக்காரன் பாலகுமார்தான் அதிலிருந்ததை அழித்தான். பழைய படங்களை சிடியில் ஏற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டான். ஏற்றவில்லை. எஸ்டேட்டில் கூலி வேலை செய்யும் தேவகுமாரியின் மகளுக்கு எடுத்த சடங்குப் படங்கள் அதில்தான் இருந்தன. போன மாதம் செத்துப்போன தேவகுமாரியின் புருஷன் பெரியண்ணன், புதுச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்த ஒரே படமும் அதில்தான். ஸ்வெட்டருக்கு மேல் முந்தானையைப் போர்த்தியபடி தேவகுமாரி இப்போது அவன் எதிரே நிற்கிறாள். செருப்பில் எஸ்டேட் சேறு. "அவரு படம் இருக்குதுங்களா தம்பி?" "இருக்குக்கா. கரண்ட் இல்ல, அதான் காட்ட முடியல," என்கிறான். கரண்ட் வந்துவிடக் கூடாதே என்று விளக்கை ஒருமுறை அண்ணாந்து பார்க்கிறான். கை தானாகவே உறையிலிருந்து ஒரு வெற்று சிடியை உருவுகிறது. மார்க்கர் கிறீச்சிட, அதன்மேல் 'பெரியண்ணன்' என்று எழுதி நீட்டுகிறான். அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்குகிறாள். பளபளப்பில் அவள் முகம்தான் தெரிகிறது. "இதுக்குள்ளயா இருக்காரு?" அவன் தலையாட்டுகிறான். ஓரத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, அவனிடமே திருப்பித் தருகிறாள். "ஒங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி. எங்க எஸ்டேட் லயத்து வீடு மழைக்கு ஒழுகும். இங்கன்னா அவரு நனையாம இருப்பாரு."