ஒரே பாட்டுப் புத்தகம்

"மானம் போகுதுக்கா! சர்ச்சுல அந்த லாரி டிரைவரோட ஒரே பாட்டுப் புத்தகமா?" வாசலிலேயே கத்தினாள் தங்கை. "மகன் செத்து மூணு வருஷத்துல துணை கேக்குதா?"

தெரு முழுக்கக் காது முளைத்தது. எதிர்வீட்டுத் தையல்காரி மெஷினை நிறுத்தினாள்.

"நீங்கள்லாம் ஒரு மாசம் அழுதீங்க. இன்னைக்கும் என்கூட முழங்கால் போட்டு அவனுக்காக அழுறது இந்த டிரைவர் ஒருத்தன்தான்" என்றாள் அக்கா.

"அவன் யாரு நம்ம பிள்ளைக்கு?"

"கோர்ட்டுக்கு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். பிள்ளை அடிபட்டது அவன் லாரியிலதான்டி."

தங்கை வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

"மன்னிக்க எப்படிக்கா மனசு வந்துச்சு?"

"எனக்கு வரல. ஆண்டவர்கிட்ட கேட்டுக் கேட்டு வாங்கினேன்."

மறுவருடம் டிரைவர் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். அந்தக் கல்யாணப் பதிவேட்டில் அவனுக்குத் தாயின் இடத்தில் நின்று கையெழுத்துப் போட்ட அக்கா, இப்போது சர்ச் பெஞ்சில் தனியாகத்தான் உட்கார்கிறாள். கேட்டால், பக்கத்தில் இயேசு இருக்கிறாராம்.