மாப்பிள்ளை மோட்டாரும் நாலு பிளக்கும்

“ஏன்வே நூகு, உம்ம வண்டி இப்ப நகருமா, நகராதா?”

மாப்பிள்ளையின் தகப்பனார் அம்பலவாண பிள்ளை போட்ட சத்தத்தில் சாலையோரப் புளியமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன.

நாங்குநேரியிலிருந்து ஜம்மென்று வந்த வாடகை மோட்டார், தாமிரபரணிப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. ஜில்லா முழுவதும் தேடினாலும் பத்து மோட்டார் தேறாத காலம் அது. பாலத்தைத் தாண்டினால் சிந்துபூந்துறைச் சத்திரம். அங்கே மாப்பிள்ளை அழைப்பு. மறுநாள் காலையில் கல்யாணம்.

பின் ஆசனத்தில் ஜரிகைத் தலைப்பாகையோடு இருந்த மாப்பிள்ளை சிவசண்முகத்துக்கு வியர்த்துக் கொட்டியது. அருகே தாய்மாமன் காந்திமதிநாத பிள்ளை, கடிகாரத்தைக் கையிலேயே பிடித்திருந்தார். போன வருஷம் ஒரு பந்தியில் பாயசம் பிந்தி வந்ததற்காகக் குடும்பத்தோடு எழுந்து ஊர் திரும்பியவர்.

“மணி மூணேகால். நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள சத்திரத்துல கால் வைக்கலைன்னா, மருமவனே, நேரா நாங்குநேரிக்குத் திரும்ப வேண்டியதுதான்.”

சொர்ணாம்பாளைப் பெண் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து சிவசண்முகம் சரியாகச் சாப்பிட்டதில்லை. இப்போது மாமா வண்டியைத் திருப்பினால், அப்புறம் ஜன்மத்துக்கும் சாப்பாடு இறங்காது.

கொழும்பில் மோட்டார்த் தொழில் படித்து வந்த நூகு, எஞ்சின் மூடியைத் திறந்தார்.

“பிளக்குல கரி பிடிச்சிட்டு, பிள்ளைவாள். நாலையும் கழத்தித் துடைச்சாத்தான் ஓடும். கொஞ்சம் சூடு ஆறட்டும்.”

“நீரு ஆறுவீரு! எனக்குல்லா கொதிக்கி!” என்று குதித்தார் அம்பலவாண பிள்ளை.

நூகு பையப் பைய முதல் பிளக்கைக் கழற்றி, சீமெண்ணெயில் முக்கி, சின்னக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தார். சிவசண்முகம் இறங்கி எட்டிப் பார்த்தான். கரி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. மோட்டார் படித்தவர் கண்ணுக்குத்தான் தெரியும் போலிருக்கிறது.

“அது என்னவே வரி வரியா?” என்று கேட்டார் மாமா, கோபத்துக்கு நடுவிலும்.

“இதான் மரை. இதுல ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் எஞ்சினைக் கடிச்சிரும். அங்கன ஓட்டையிலயும் மரை இருக்கு. கிரீஸ் தடவின துணியைச் சுத்தித்தான் துடைக்கணும். அப்பதான் அழுக்கு துணியில ஒட்டும், உள்ள விழாது.”

துடைத்த பிளக்கை விரலாலேயே திருகினார். கால் சுற்று, நிறுத்தினார். இன்னொரு கால் சுற்று.

“பொண்ணு காதுக்குத் தோடு மாட்டுத மாதிரில்லா மாட்டுதீரு!” என்று கத்தினார் அம்பலவாண பிள்ளை.

இரண்டாவது பிளக் கையில் இருக்கும்போது சலங்கைச் சத்தம் கேட்டது. மேலப்பாளையத்தில் மாமா ஆசையாக ஹாரனை அமுக்கி அமுக்கித் தாண்டி வந்த மூன்று வில்வண்டிகள், பெண் வீட்டாருடையவை, இப்போது வந்து சேர்ந்துவிட்டன.

“என்ன அத்தான், மோட்டாருக்குப் பசியா?” முதல் வண்டியிலிருந்து பெண்ணின் தங்கை பாலம்மாள் தலையை நீட்டினாள். “எங்க மாட்டுக்குப் போட்டது போக வைக்கோல் மிச்சம் இருக்கு, வேணுமா?”

அவளுக்குப் பின்னால் வளையல்கள் கலகலவென்று சிரித்தன. அதில் ஒரு சிரிப்பு யாருடையது என்று சிவசண்முகத்துக்குத் தெரியும். காது மடல் சிவந்தது.

பெண்ணின் தகப்பனார் பதறிக்கொண்டு இறங்கினார். “சம்பந்தி, சக்கரப் பட்டா கழண்டு எங்களுக்குத்தான் பிந்திட்டு. நீங்களுமா? ஏறுங்க, எல்லாரும் சேர்ந்தே போயிருவோம்.”

“மோட்டார்ல வாரேன்னு சொன்னவன் மோட்டார்லதான் வருவேன்!” அம்பலவாண பிள்ளை துண்டை உதறினார். “மாட்டு வண்டியில ஏறவா இம்புட்டு தூரம் வந்தேன்? நிக்காதீங்க, போங்கய்யா!”

“அதான் சரி அத்தான். விட்டுக்கொடுக்காதீங்க!” என்றார் மாமா.

பெண்ணின் தகப்பனார் முகம் சுருங்கி ஏறிக்கொண்டார். வண்டிகள் பாலத்தில் ஓடி மறைந்தன. அப்பாவுக்கு இன்றைக்கென்று ஏன் இந்த வீம்பு என்று சிவசண்முகம் நொந்துபோனான்.

மூன்றாவது பிளக். நாலாவது பிளக். மணி நாலடித்து ஐந்து நிமிஷம். மாமா வாயைத் திறந்தார். அதற்குள் அக்கரையில் மேளம் முழங்கியது. நூகு கடைசிப் பிளக்கை ஸ்பேனரால் ஓர் இறுக்கு இறுக்கினார். முன்னால் போய்க் கைப்பிடியைச் சுழற்றினார்.

ஒரே சுற்றுதான். மோட்டார் உறுமியது.

சத்திர வாசலில் ஆரத்தித் தட்டுகள், பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், இரட்டை நாயனம்! பெண்ணின் தகப்பனார் முதல் மாலையை மாமாவின் கழுத்தில் போட்டார். மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ராகுகாலத்துக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது.

அழைப்பெல்லாம் முடிந்ததும், சிவசண்முகம் ஒரு தட்டுப் பலகாரத்தோடு நூகுவைத் தேடிப் போனான்.

“அப்பா பேசினத மனசுல வச்சுக்கிடாதீங்க அண்ணாச்சி.”

நூகு விழுந்து விழுந்து சிரித்தார்.

“வண்டியில ஒரு கோளாறும் இல்ல மாப்பிள. நாலும் நேத்து மாட்டின புதுப் பிளக்கு! ‘சத்திர வாசல்ல வாங்கன்னு சொல்ல ஆளில்லைன்னா என் மச்சினன் மாப்பிள்ளையைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவான். எதையாவது கழத்திப் போட்டு, பொண்ணு வீட்டு வண்டியை முன்னால விடும்வே’ன்னு மேலப்பாளையத்துலயே என் காதுல சொன்னதே உங்க அப்பாதான்!”