இரண்டு தடவை படிப்பவன்

"பார்த்ததையே எதுக்கு ரெண்டு தடவை பார்க்குது உங்க ப்ரோக்ராம்?"

வச்சலா இதைக் கேட்காத நாளில்லை. மோசஸ் அச்சு இயந்திரத்தில் காகிதம் மாட்டிக்கொண்டிருந்தான்.

மாமல்லபுரம் கடலோர ஆய்வு நிலையத்தில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதில் இவர்கள் இருவருடைய ப்ரோக்ராம்களும் ஒன்றாக ஓடின. வச்சலாவுடையது காற்றின் வேகத்தையும் திசையையும் ஓரிடத்தில் எழுதி வைக்கும். மோசஸுடையது அதைப் படித்து அச்சடிக்கும். ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றது நுழையாமலிருக்க ஒரு தாழ்ப்பாள்.

"உள்ளே போறீங்க, தாழ்ப்பாள் போடறீங்க, வர்றீங்க. மறுபடியும் போறீங்க! என்னுது வாசல்லயே நிக்குது. வேலை மெதுவா நடக்குதுன்னு என் தலையில விழுது. நான் இன்னும் பர்மனென்ட் ஆகல, தெரியுமில்ல?"

"தெரியுங்க."

டீ கொண்டுவந்த நீலமேகம் சிரித்தான். "இன்னா அண்ணாத்த, உன் மிஷினு இன்னும் யோசிச்சுகினு கீதா?"

அன்று செங்கல்பட்டிலிருந்து மேலதிகாரி பார்த்தசாரதி வந்தார். வச்சலாவை நிரந்தரமாக்குவது அவர் கையில். பொறுக்கமுடியாமல் அவரிடமே சொல்லிவிட்டாள்.

"அந்த ரெண்டாவது தடவையை எடுத்துடுப்பா" என்றார் அவர் மோசஸிடம்.

"வேணாம் சார்..."

"எடுன்னா எடு!"

எடுத்தான். அச்சு இயந்திரம் படபடவென்று ஓடியது. வச்சலாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பார்த்தசாரதி காகிதத்தைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"கரையிலேர்ந்து கடலுக்கு பலத்த காத்துன்னு இருக்கு. வெளியே சவுக்கெல்லாம் கரைப்பக்கம் சாயுது! வேகம் இப்போதையது, திசை பழசு. யார் தப்பு இது?"

வச்சலா மோசஸைப் பார்த்தாள்.

"என் தப்புதான் சார்."

"இதுகூட ஒழுங்கா எழுதத் தெரியாதாய்யா உனக்கு?" கத்தித் தீர்த்துவிட்டு வச்சலாவிடம் திரும்பினார். "உனக்கு ஆர்டர் வந்துடும்மா."

ஜீப் கிளம்பியது.

"இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே!" என்றாள் வச்சலா, எரிச்சல் அடங்காமல்.

மோசஸ் எடுத்ததைத் திரும்பச் சேர்த்துக்கொண்டே சொன்னான்:

"உங்க ப்ரோக்ராம் வேகத்தை எழுதின பிறகுதாங்க தாழ்ப்பாள் போட்டு திசையை எழுதுது. நடுவுல நான் படிச்சா பாதி புதுசு, பாதி பழசு. அதான் ரெண்டு தடவை பார்த்து, ஒத்துப்போனா மட்டும் அச்சடிச்சேன். ஆர்டர் உங்க கைக்கு வந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."